பதினோராவது ஸ்டூல்

பால் பாக்கெட்டைக் கையில் வாங்கினால் கார்குழலி அதை ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பாள், ஒரு தடவை காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பாள், அப்புறம்தான் கத்தரிக்கோலைத் தேடுவாள். எர்ணாவூர் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வந்தால் மற்ற பெண்கள் குழாயைப் பார்ப்பார்கள். இவள் லாரிக்காரன் முகத்தைப் பார்ப்பாள். புருஷன் கோதண்டம் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். "ஹார்பர் கேட்டாண்ட லைன்ல நிக்கிறேன்" என்று அவன் போனில் சொன்னால், "அப்டியா, ஒரு தபா ஹாரன் அடி, கேக்கறேன்" என்பாள். அவனும் அடிப்பான். "இது பஸ்ஸு ஹாரன் மாதிரி கீதே" என்பாள்.

பிறந்ததிலிருந்தே இப்படி இல்லை. கடல் உள்ளே வந்து எண்ணூர் கரையில் அவர்கள் வீட்டை இழுத்துக்கொண்டு போன வருஷம், வேறு இடம் தருகிறோம், ரெண்டாவது மாடி என்று சொன்னார்கள். சாவி கைக்கு வந்தபோது அது நாலாவது மாடியாக இருந்தது. லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றார்கள். அது ஓடுமா என்று கேட்காமல் விட்டுவிட்டாள். அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் ரெண்டு கேள்வியாகக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டாள்.

வேலை, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் இருக்கிற தங்கபுஷ்பம் ஜவுளிக்கடையில். தங்கபுஷ்பம் என்பது முதலாளி ஆறுமுகநயினாரின் அம்மா பெயர். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், எல்லாருக்கும் அண்ணாச்சி. நெற்றி நிறைய விபூதி, வாய் நிறையச் சிரிப்பு. அவரைக் கெட்டவர் என்று யாராலும் சொல்ல முடியாது. நல்லவர் என்று சொல்வதற்கு முன்னால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

அண்ணாச்சிக்கு இரண்டு கொள்கைகள் உண்டு. ஒன்று, கடைக்குள் 'இல்லை' என்ற சொல் கூடாது. ஊதாக் கலரில் பெரிய சைஸ் சட்டை இருக்கிறதா என்று யார் கேட்டாலும், "வந்துட்டு இருக்கு" என்பார். அந்த ஊதாச் சட்டை கார்குழலி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அதிலும் காலையில் முதல் போணி ஆகும்வரை அந்தச் சொல் தெருவில் கேட்டால்கூட ஊதுபத்தியை வேகமாகச் சுற்றுவார். இரண்டாவது கொள்கை, எல்லாம் ஒத்தைப்படையில் இருக்க வேண்டும். சாமிக்கு வாழைப்பழம் ஐந்து, வாசலில் எலுமிச்சை மூன்று, ஷோகேஸில் பொம்மை ஏழு. ரெட்டைப்படை நமக்கு ஆகாது என்பார். ஏன் ஆகாது என்று கேட்டால் அதற்கும் பதில் வந்துகொண்டிருக்கும்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. துணி எடுக்க வந்த இடத்தில் பிள்ளைகள் அழுதால் கல்லாவுக்குக் கூப்பிட்டு ஏதாவது கணக்கு போடுவார். "இத்தனை ஒத்தைப்படை நம்பரைக் கூட்டி இவ்வளவு கொண்டுவா, சாக்லேட் தாரேன்." பிள்ளை விரலை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அம்மா நிம்மதியாகத் துணி எடுப்பாள். கார்குழலி அதைப் பல தடவை பார்த்திருக்கிறாள். அதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

அவள் நிற்பது பிள்ளைகள் துணிப் பக்கம். நிற்பது என்றால் நிற்பதுதான். ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நின்றாக வேண்டும். அப்புறம் வீட்டுக்குப் போய் நாலு மாடி ஏற வேண்டும். கோதண்டம் லாரியில் நாள் கணக்கில் உட்கார்ந்து இடுப்புப் போய்விட்டது என்பான். இவள் நின்று கால் போய்விட்டது என்பாள். இரண்டு பேரையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தால் ஒரு முழு மனுஷன் தேறலாம்.

முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் பச்சையாக முடிச்சு முடிச்சாகக் கிளம்பியதும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"நரம்பு சுருண்டிருக்கும்மா. அப்பப்போ உட்கார்ந்து வேலை பாருங்க. இப்படியே நின்னா புண்ணாயிடும், அப்புறம் வேலைக்கே போக முடியாது" என்றார் டாக்டரம்மா.

கார்குழலி இரண்டு கேள்வி கேட்டாள். "குந்துனா சரியாப்பூடுமா?"

"மோசமாகாது."

"குந்த வுடுவாங்களா?"

டாக்டரம்மா மாத்திரைச் சீட்டை நீட்டினார். அதில் அந்தக் கேள்விக்கு மாத்திரை எழுதியிருக்கவில்லை.

மறுநாள் அண்ணாச்சியிடம் போய்க் காலைக் காட்டினாள். அவருக்கு மெய்யாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. "அய்யய்யோ, என்ன பிள்ள இது! உக்காரலாமே! யாரு வேண்டாம்னா?"

"எதுல குந்தறது அண்ணாச்சி?"

"வந்துட்டு இருக்கு."

உட்காரும் இடம் இப்படி ஊதாச் சட்டையோடு சேர்ந்து வரத் தொடங்கியது.

பள்ளிக்கூடம் திறக்கும் காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் தொழிலாளர் துறை அதிகாரி ஒருத்தர் கடைக்கு வந்தார். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன என்று சிரித்தபடியே சொன்னார். ஆட்களை எண்ணினார். அண்ணாச்சி காதில் ஏதோ சொன்னார். மோர் குடித்தார், போனார்.

இரண்டு நாளில் ஸ்டூல்கள் இறங்கின. சிவப்பு பிளாஸ்டிக். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நைலான் கயிற்றில் இறுக்கிக் கட்டி, மாடிப்படிக்குக் கீழே நிறுத்தியிருந்தார்கள். ஒன்பது பெண்களும் அதைச் சுற்றி நின்று கோயில் தேரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

அண்ணாச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பாருங்க பிள்ளைகளா, பத்து ஸ்டூலு. சேலை ஒரு செக்‌ஷன், ஆம்பளைத் துணி ஒரு செக்‌ஷன், பிள்ளைக துணி ஒரு செக்‌ஷன். மூணுலயும் ஒத்தைப்படையாத்தான் போடணும், உங்களுக்கே தெரியும்லா. மிச்சமும் கிடக்கப்பிடாது. ஆளில்லாத ஆசனம் கடையில கிடந்தா மூதேவி வந்து உக்காந்துக்கிடுவா. எப்படிப் போடணும்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. பண்ணின அன்னைக்கே கட்டை அவுத்துக்கிடுங்க. நான் வேண்டாம்னே சொல்ல மாட்டேன்."

எவ்வளவு பெரிய மனசு என்று எல்லாரும் கை தட்டினார்கள். கார்குழலி மட்டும் கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவிழ்க்கிறதற்காகப் போட்ட முடிச்சு மாதிரி அது தெரியவில்லை.

மத்தியானம் சட்டைப் பித்தான் பத்தை மேஜையில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள், அதாவது நின்றார்கள். சேலைப் பக்கத்து மோகனப்ரியா முதலில் ஐந்து பித்தானைத் தன் பக்கம் இழுத்தாள். "சேலையை விரிச்சுக் காட்டறது சும்மாவா? எங்களுக்கு அஞ்சு."

"அஞ்சு நீ வெச்சிகினா மீதி அஞ்சு" என்றாள் ஆம்பளைத் துணிப் பக்கத்து ரெஜினா. ராயபுரத்துக்காரி, நாக்கில் எப்போதும் உப்பு இருக்கும். "அத்த ஒடைச்சா மூணும் ரெண்டும். ரெண்டு ரெட்டைப்படை."

"அப்போ நாலும் ஒண்ணும்."

"நாலு மட்டும் இன்னா, ஒத்தைப்படையா? நீ எந்த ஸ்கூல்ல படிச்ச?"

"சரி, எங்களுக்கு ஏழு."

"ஏழா! படுத்துகினு சேலை விக்கப்போறியா?"

மூன்று மூன்றாக வைத்தால் ஒன்று மிஞ்சியது. மிஞ்சினதைக் கல்லாவுக்குப் போடலாம் என்று யாரோ சொல்ல, மோகனப்ரியா போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "கல்லாவுல அவர் நாற்காலி ஒண்ணு இருக்காம். இதையும் போட்டா ரெண்டாயிடுமாம். யோசிச்சுப் பண்ணுங்கன்னு சொல்றார்."

ஒரு வாரம் பித்தான்கள் மேஜை மேல் அலைந்தன. கட்டு அவிழவில்லை. சேலைக்காரிகள் விட்டுக் கொடுக்காததால்தான் கணக்கு வரவில்லை என்று ரெஜினா நினைத்தாள். ரெஜினா வேண்டுமென்றே குழப்புகிறாள் என்று மோகனப்ரியா நினைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து நடிக்கிறார்கள் என்று கார்குழலி நினைத்தாள். அவளுடைய காலில் ஒரு முடிச்சு கறுக்க ஆரம்பித்திருந்தது. புண்ணாவதற்கும் ஸ்டூல் வருவதற்கும் நடுவே ஓட்டப்பந்தயம் நடப்பதாக அவளுக்குத் தோன்றியது. புண்தான் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ரெஜினா அந்தக் குண்டைப் போட்டாள். "எனக்கு ஒரு டவுட்டு. அண்ணாச்சி ரெட்டைப்படையில ஒரு குண்டூசியாவது வாங்கி பாத்துகிறீங்களா?"

யாரும் பார்த்ததில்லை.

"அப்போ ஸ்டூலு மட்டும் எப்டி பத்து? பதினொண்ணு வாங்கிகீறாரு. ஒண்ண எவனோ லவட்டிக்கினு பூட்டான்."

கார்குழலி இன்னொரு பித்தானை எடுத்து மேஜையில் வைத்தாள். பதினொன்று. சேலைக்கு ஐந்து, மற்ற இரண்டுக்கும் மும்மூன்று. ஒரு வாரமாக முரண்டு பிடித்த பித்தான்கள் சொன்ன பேச்சைக் கேட்டு அடங்கின. இதற்கு மேல் சாட்சி எதற்கு?

அன்றிலிருந்து அது கடையாக இல்லை, போலீஸ் ஸ்டேஷனாக இருந்தது. மோகனப்ரியா புதிதாக வாங்கின கைப்பையை ரெஜினா வெறித்துப் பார்த்தாள். ஸ்டூல் அதில் நுழையாது என்று தெரிந்தும் பார்த்தாள். சாப்பாட்டு வேளையில் மூன்று செக்‌ஷன்களும் மூன்று சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டன. ஊறுகாய் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போவது நின்றுபோனது. கோதண்டத்திடம் சொன்னபோது, "வூட்டாண்ட ஒரு செவப்பு ஸ்டூலு கீதேடி" என்று சிரித்தான். கார்குழலி இரவே கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். அது நீலம்.

அவளுடைய சந்தேகம் கடைசியில் போய் நின்றது வாட்ச்மேன் வேம்புவிடம்.

வியாசர்பாடியிலிருந்து வருகிறவர் வேம்பு. போன வாட்ச்மேன் விட்டுப்போன யூனிஃபார்மைப் போட்டிருப்பார். நீளமான சட்டைக் கை விரல்களை முழுங்கியிருக்கும். வாசலில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சல்யூட் அடிப்பார். நிழலுக்காக ஒதுங்குகிற மாட்டுக்கும் ஒரு சல்யூட் உண்டு. ஆனால் மத்தியானம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் சந்துக்குள் போனால் கொஞ்ச நேரம் ஆளைக் காண முடியாது. கார்குழலி மாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் அவர் முதுகு தெரிந்தது. முதுகுக்குக் கீழே ஏதோ சிவப்பாகத் தெரிந்தது.

வலியோடு படியிறங்கி, சத்தமில்லாமல் சந்துக்குள் போய் அவர் முன்னால் நின்றாள். வேம்பு சோற்றுக் கையோடு எழுந்து சல்யூட் அடித்தார். நெற்றியில் இரண்டு பருக்கை ஒட்டிக்கொண்டது.

"இன்னா நைனா, எது மேல குந்திகினு கீற?"

"குந்தலம்மா. சும்மா சாஞ்சிகினு இருந்தேன்."

"நகரு."

நகர்ந்தார். அவருக்குப் பின்னால் இருந்தது கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளி. சிவப்புதான். ஆனால் வாளி.

"அண்ணாச்சியாண்ட சொல்லிடாத தங்கச்சி" என்றார் வேம்பு. குரல் இறங்கியிருந்தது. "முன்னாடி இருந்த ஆளு வாசல்ல குந்திகினு இருந்தத பாத்துட்டுத்தான் அவனை அனுப்பிட்டு என்னை எடுத்தாங்க. அவன் சட்டைதான் இது."

கார்குழலி விடவில்லை. "ஸ்டூலு கட்டை யாரு எறக்குனது?"

"நான்தான்."

"எத்தினி?"

"பத்து."

"பதினொண்ணு கெடையாதா?"

"எனக்குப் படிப்பு ஏறலம்மா. ஆனா பத்து வரைக்கும் வெரலு கீது. ஸ்டூலும் பத்து, வெரலும் பத்து. சரியாப் பூட்ச்சு."

"எங்க, கையக் காட்டு."

அவர் சட்டைக் கைக்குள்ளிருந்து விரல்களை வெளியே எடுத்து நீட்டினார். கார்குழலி எண்ணிப் பார்த்தாள். எதுவும் குறையவில்லை. எண்ணி முடித்துக் குனிந்த பார்வை அவர் காலில் போய் நின்றது. ஷூவின் கயிறு கட்டாமல் கிடந்தது. கட்ட முடியாது, கால் வீங்கி ஷூவுக்கு வெளியே வழிந்திருந்தது. கணுக்காலுக்கு மேலே பச்சை முடிச்சுகள். தன் காலைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு.

வாளியைக் காலால் தள்ளி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பினாள். "சோறு துன்னுட்டு வா. சாஞ்சிகினே துன்னு."

திருடன் கிடைக்காதது அவளுக்குப் பெரிய ஏமாற்றம். அந்த எரிச்சலோடு ஒரு பையனுக்கு யூனிஃபார்ம் அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது அவனுடைய தம்பி கடை அதிரக் கத்த ஆரம்பித்தான். கல்லாவிலிருந்து வழக்கமான குரல் வந்தது.

"ஏ தம்பி, இங்க வா. அஞ்சு ஒத்தைப்படை நம்பர் சொல்லு பாப்போம். எல்லாத்தையும் கூட்டினா இருபது வரணும். கொண்டு வந்தா சாக்லேட்."

பையன் கத்துவதை நிறுத்தினான். விரல்களை விரித்தான். அப்புறம் அவனிடமிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. அம்மாக்காரி பெல்ட், டை, தண்ணி பாட்டில் பை வரைக்கும் சாவகாசமாக எடுத்தாள். பில் போட்டதும் அண்ணாச்சி அவன் கையில் சாக்லேட்டைத் திணித்தார். "வரலியா? பரவாயில்ல, அடுத்த வாட்டி வந்து சொல்லு."

கார்குழலியின் கையில் அளவு நாடா அப்படியே நின்றது. அடுத்த வாட்டி வந்து சொன்ன பிள்ளை ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. சாக்லேட் வாங்காமல் போன பிள்ளையையும் பார்த்ததில்லை. கணக்கு வருவதற்காகப் போடுவதில்லை அது. வாயை மூடுவதற்காகப் போடுவது.

அவள் பக்கத்தில் சாக்ஸ் கூடை ஒன்று உண்டு. பள்ளிக்கூடக் காலத்தில் அதைக் கலைக்காத பிள்ளை கிடையாது. சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் மோகனப்ரியாவைக் கூப்பிட்டாள். சுவரைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்த பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்வது அதுதான் முதல் தடவை.

"இங்க வா. உன் பையில ஸ்டூலு கீதான்னு பாக்கறதுக்கு இல்ல, வா."

கூடையிலிருந்து மூன்று குவியலாக அள்ளிப் போட்டாள். "மூணுலயும் ஒத்தைப்படையா வெச்சிகீறேன். ஜோடி சேரு."

மோகனப்ரியா ஜோடி சேர்த்தாள். முதல் குவியலில் ஒரு சாக்ஸ் துணையில்லாமல் மிஞ்சியது. இரண்டாவதிலும் ஒன்று. மூன்றாவதிலும் ஒன்று. மிஞ்சின மூன்றில் இரண்டைச் சேர்த்து இன்னொரு ஜோடியாக மடித்தாள். கையில் ஒரு சாக்ஸ் நின்றது.

"இப்போ குவியல பெருசாக்கு. சின்னதாக்கு. ஒத்தைப்படையா மட்டும் வையி."

பெரிதாக்கினார்கள், சின்னதாக்கினார்கள். எப்படி வைத்தாலும் கடைசியில் ஒரு சாக்ஸ் அநாதையாக நின்றது.

"பத்து சாக்ஸு எடுத்தா எத்தினி மிஞ்சும்?" என்று கேட்டாள் கார்குழலி.

"மிஞ்சாதே. அஞ்சு ஜோடி" என்றாள் மோகனப்ரியா. சொல்லிவிட்டுத் தன் கையில் இருந்த ஒற்றைச் சாக்ஸைப் பார்த்தாள். "அப்போ மூணு ஒத்தைப்படை சேர்ந்து பத்தா ஆகவே ஆகாதா?"

"எத்தினி வருசம் பித்தான் நகத்தினாலும் ஆகாது. ஊதாச் சட்டைடி இது."

ரெஜினாவுக்குச் செய்தி போனதும் கத்தரிக்கோலோடு வந்தாள். "ஒரு ஸ்டூலு காலை ஒடைச்சிப்புடலாம். ஒன்பதாயிடும். ஆளுக்கு மூணு."

"ஒடைஞ்ச சாமான் தரித்திரம், எல்லாத்தையும் மாத்திடலாம்னுவாரு. புதுசு வந்துட்டு இருக்கும்பாரு" என்றாள் கார்குழலி. "அது வேணாம். எனக்கு வேற ஒரு சந்தேகம். நீ சொன்னது கரெக்ட்டு, அவரு ரெட்டைப்படையில குண்டூசி வாங்க மாட்டாரு. அப்போ இந்தப் பத்து அவரா வாங்குனது கெடையாது. அந்த ஆபீசர் ஆளை எண்ணிச் சொல்லி வாங்குனது."

"நாமதான் ஒன்பது பேராச்சே."

மறுபடி எண்ணினார்கள். ஒன்பதுதான். அண்ணாச்சியைச் சேர்க்க முடியாது, அவருக்கு நாற்காலி உண்டு. மூன்று பேரும் யோசித்துக்கொண்டு நின்றபோது வாசலில் ஒரு குடும்பம் உள்ளே நுழைந்தது. கை நீளச் சட்டைக்குள்ளிருந்து ஒரு சல்யூட் கிளம்பியது.

அந்த அதிகாரிக்கும் அதே சல்யூட் போயிருக்கும். வந்த முதல் நிமிஷத்திலேயே அவர் அந்த ஆளை எண்ணியிருப்பார். தினமும் பார்க்கிறவர்கள்தான் எண்ணவில்லை.

கார்குழலி மேஜையில் நாலாவதாக ஒரே ஒரு சாக்ஸைத் தனியாக வைத்தாள். கையில் மிஞ்சியிருந்த அநாதை அதோடு போய் ஜோடி சேர்ந்தது.

மறுநாள் காலை அண்ணாச்சி கையில் ஊதுபத்தியோடு வாசலுக்கு வந்தபோது போணி ஆகியிருக்கவில்லை. வாசலில் ஒரு சிவப்பு ஸ்டூல் கிடந்தது. வேம்பு அதிலிருந்து நன்றாக விலகி, கட்டிப்போடாத நாய்க்குப் பயப்படுகிறவர்போல நின்றிருந்தார். கடைக்குள்ளே சேலைப் பக்கம் மூன்று, ஆம்பளைத் துணிப் பக்கம் மூன்று, பிள்ளைகள் பக்கம் மூன்று. நைலான் கயிறு குப்பைக் கூடையில் இருந்தது. ஒன்பது பெண்களும் தங்கள் ஸ்டூல் பக்கத்தில் நின்றார்கள். யாரும் உட்காரவில்லை.

"என்ன பிள்ள இது?"

"பேசி முடிவு பண்ணிட்டோம் அண்ணாச்சி. மூணு, மூணு, மூணு, ஒண்ணு. எல்லாம் ஒத்தைப்படை. பத்தும் வந்துடுச்சு."

அண்ணாச்சியின் விரல்கள் தொடையில் தட்டி எண்ணின. சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் சிரிப்பை விட்டு விலகியது. "மூணு செக்‌ஷன்னுல்லா சொன்னேன். யாரு சொல்லிக் குடுத்தா இத?"

"சாக்ஸு."

"எது?"

இன்றைக்கு இது நடக்காவிட்டால் கால் இந்த மழைக்காலத்தைத் தாண்டாது என்று கார்குழலிக்குத் தெரியும். "அண்ணாச்சி, ரெண்டே கேள்வி. இந்த வாசல் நம்ம கடையைச் சேந்ததுதானே?"

ஊதுபத்திப் புகை மூன்று எலுமிச்சையைச் சுற்றிப் போனது. தினமும் முதல் தண்ணீர் தெளிப்பது அந்த வாசலில்தான்; லட்சுமி வருகிற வழி அது. போணி ஆகாத நேரத்தில் அந்த இடத்தில் நின்றுகொண்டு ஒருத்தர் என்னதான் சொல்ல முடியும்? அண்ணாச்சி ஊதுபத்தியை ஒரு தடவை வேகமாகச் சுற்றினார். "ஆமா" என்றார்.

"வேம்பு நைனா நம்ம ஆளுதானே?"

வேம்பு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்பது அவருக்கே தெரியாது என்பது அவர் தோளில் தெரிந்தது. ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. கோதண்டமாக இருக்குமோ என்று பழக்க தோஷத்தில் ஒரு நொடி கார்குழலியின் காது அந்தப் பக்கம் போய்த் திரும்பியது.

"பாக்கலாம், அது வந்து..." என்று அண்ணாச்சி ஆரம்பித்தார்.

"மெதுவா சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் கார்குழலி. "ஆனா ஆசனம் காலியா கீது. வாசல்ல கீது. போணி நேரம் வேற."

அண்ணாச்சி ஸ்டூலைப் பார்த்தார். ஸ்டூல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்போல அகலமாக, சிவப்பாக, லட்சுமி வரும் வழியில் சரியாக நடுவில். அவர் முகத்தில் வேர்த்தது. கார்குழலிக்குத் தெரியாத யாரோ ஒருத்தி தலைவிரி கோலமாகத் தேரடிப் பக்கத்திலிருந்து நடந்து வருவது அவருக்கு மட்டும் தெரிந்ததோ என்னவோ.

"ஏ வேம்பு!" என்று கத்தினார். "என்னவே மரம் மாதிரி நிக்கீரு? உக்காரும்! சட்டுன்னு உக்காரும்வே!"

வேம்பு உட்கார்ந்தார். ஸ்டூலின் ஓரத்தில், ஒரு கை அகலத்தில். உட்கார்ந்த உடனே என்ன செய்வது என்று தெரியாமல் அண்ணாச்சிக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

உள்ளே எட்டு ஸ்டூல்கள் ஒரே நேரத்தில் கிரீச் என்றன. ஒன்பதாவது கொஞ்சம் தாமதமானது. கார்குழலி அதைத் தலைகீழாகத் திருப்பி, நாலு காலையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் வாடிக்கையாளர் வாசலில் ஏறினார். வேம்பு ஸ்பிரிங் மாதிரி எழுந்துவிட்டார்.

"குந்து நைனா!" கார்குழலியின் சத்தம் ரோடு வரை கேட்டது. "உன்னை நம்பித்தான் நாங்க ஒன்பது பேரும் குந்திகினு கீறோம்!"

வேம்பு மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை ஸ்டூலின் நடுவில்.

போணி ஆனதும் அண்ணாச்சி கல்லாவிலிருந்து கார்குழலியைக் கூப்பிட்டார். டப்பாவைத் திறந்து ஒரு சாக்லேட்டை எடுத்து நீட்டினார். அவளுக்குப் பின்னால் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, இன்னொன்றையும் எடுத்தார். இரண்டு என்று தெரிந்தும் எடுத்தார்.

கார்குழலி வாங்கிக்கொண்டாள். ஒன்றை அமுக்கிப் பார்த்தாள். காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

"இன்னொரு கணக்கு இருக்கு, கேட்டியா பிள்ள" என்று அண்ணாச்சி சிரிப்போடு ஆரம்பித்தார். "உக்கார்ற நேரத்தை மட்டும் ஒத்தைப்படையா..."

"இருங்க அண்ணாச்சி" என்றாள் கார்குழலி. "போயி குந்திக்கிறேன், அப்பால சொல்லுங்க."